சேம்பிலையும் பதிப்பகக் குழுவும்

நவம்பர் 21, வெள்ளி

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் என் பெயர் இல்லை. பின்னட்டையில் இல்லை. உள்ளே முதல் பக்கத்திலும் இல்லை. விலையும் அச்சக முகவரியும் இருக்கும் பொடி எழுத்துப் பக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். 'தமிழில்: பதிப்பகக் குழு' என்று இருந்தது.

பதிப்பகக் குழு யார் என்று எனக்குத் தெரியும். பதிப்பகம் நடத்தும் கனகசபை, அவனிடம் பண்டல் கட்டும் மருதாசலம், பேப்பர்க் கட்டின்மேல் குட்டி போடும் ஒரு பூனை. இந்த மூவரும் சேர்ந்து கரீபியத் தீவிலிருந்து ஒரு பேய்க் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வாழ்க.

இரண்டு வருஷ உழைப்பு. மில் ஆபீசில் பகல் முழுக்க ஏற்றுமதிக் கடிதங்களை இங்கிலீஷில் அடித்துவிட்டு வந்து, தோசை சுட்டுப் போட்டுவிட்டு, அதற்கப்புறம் உட்கார்ந்து செய்தது. நாவலின் பெயர் 'உப்பில்லாத வீடு'. செலீனா என்று ஒரு பதினைந்து வயதுப் பெண், அம்மா பிறந்த தீவுக்குப் போகிறாள். அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு பேய் தினமும் சமைக்கிறது. செத்தவர்களுக்கு வைக்கும் சாப்பாட்டில் அந்த ஊர்க்காரர்கள் உப்புப் போடுவதில்லை, சமைக்கும்போது ருசி பார்ப்பதும் இல்லை. உப்பு நாக்கில் பட்டால் பேய்க்குத் தான் யார் என்பது நினைவு வந்துவிடும். சின்னப் பிள்ளைகள் படிக்கிற கதைதான். ஆனாலும் நான்காம் அத்தியாயத்தை முடித்த அன்று நான் எழுந்துபோய்ச் சமையலறை விளக்கைப் போட்டுவிட்டு வந்து படுத்தேன்.

அந்தப் பேய்க்கு எங்கள் அன்னூர்ப் பக்கத்துப் பேச்சைக் கொடுத்தது நான். மூலத்தில் அது அந்தத் தீவின் பேச்சில் பேசுகிறது. அதை ரேடியோ செய்தி மாதிரி பேச வைக்க எனக்கு மனது வரவில்லை. 'ஏனுங் அம்மிணி, பசிக்குதா?' என்று அது கேட்கும் இடத்தை மட்டும் பத்துப் பதினைந்து தரம் எழுதி அடித்திருப்பேன். இதைக் குழு எழுதியதாம். பூனையைத்தான் கேட்க வேண்டும்.

நவம்பர் 22, சனி

கனகசபையைப் போனில் பிடித்தேன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். அக்கா அக்கா என்று கூப்பிட்டே தலையில் மிளகாய் அரைப்பவன்.

"சின்னப் பசங்க புக்குங்க்கா. மொழிபெயர்ப்புன்னு அட்டைல போட்டா கடைல எடுத்துப் பாக்கவே மாட்டாங்க. வியாபாரம்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?"

"அட்டைல வேண்டாம். உள்ள போட்டிருக்கலாமில்ல?"

"அங்கதானுங்க்கா குழுன்னு போட்டிருக்குது. அதுல நீங்களும் வந்துர்றீங்கல்ல."

"நான் மட்டும்தானே கனகசபை எழுதுனேன்?"

"யாரு இல்லைன்னா? நம்ம வீட்டுப் புக்கு மாதிரிதானுங்க்கா. ரெண்டாம் பதிப்புல போட்டுப்போடலாம்."

நம்ம வீட்டுப் புத்தகமாம். நம்ம வீட்டில் எனக்கு மட்டும் பெயர் கிடையாது.

அவரிடம் சொன்னேன். அவர் என்றால் என் வீட்டுக்காரர் தண்டபாணி. மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "போச்சாது உடு அம்சா. நான் சுத்தற மோட்டாருல என்ற பேரா போட்டிருக்குது?" என்றார். அவர் கடை வாசலில் 'தண்டபாணி ரீவைண்டிங் ஒர்க்ஸ்' என்று ஆள் உயரத்துக்கு போர்டு இருக்கிறது. அதை நினைவுபடுத்தினேன். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

நவம்பர் 23, ஞாயிறு

மாவு ஆட்டினேன். கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஸ்பேர் சிலிண்டர் கேட்டு வாங்கினேன். நாள் பூராவும் யாரையாவது திட்ட வேண்டும் போலவே இருந்தது. பால்காரர் மாட்டினார்.

நவம்பர் 27, வியாழன்

இன்றுதான் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். வயிறு எரிகிறது.

நாவலில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் சாப்பாடு வருகிறது. தெரியாத சாப்பாட்டை எப்படி எழுதுவது? ஒவ்வொன்றையும் வீட்டில் சமைத்துப் பார்த்தேன். பெலாவ் என்பது சர்க்கரையைக் கருக வறுத்து, அதில் கோழியும் பச்சைத் துவரையும் தேங்காய்ப்பாலும் அரிசியும் போட்டு வேகவைக்கிற சோறு. நம் ஊர்த் துவரங்காயே போதும். சோரல் என்று ஒரு சிவப்புச் சர்பத், அது நம் புளிச்சக்கீரைச் செடியின் பூவிதழில் போடுவது. இதெல்லாம் தெரிந்துகொண்டபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. செய்முறைகளை எழுதிப் பின்னிணைப்பாகச் சேர்த்தேன். கனகசபைதான் கேட்டான்.

பேய் சமைப்பது கலலூ. சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கடைகிற ஒரு சூப். சேப்பங்கிழங்குச் செடியின் இலை. முதல் தடவை நான் அவசரத்தில் அரைவேக்காடாக இறக்கிவிட்டேன். அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். நாக்கும் தொண்டையும் அரித்து, உதடு தடித்து, அன்று முழுக்கப் பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது என்று விளையாட்டுக்குச் சொல்லலாம், ஆனால் அன்றைக்கு நான் பயந்துபோனேன். அதனால்தான் செய்முறையில் அரைப் பக்கம் அதற்கே எழுதினேன். இளம் இலையாகப் பார்த்து வாங்க வேண்டும். காம்பையும் நரம்பையும் கிள்ள வேண்டும். புளித் தண்ணீரில் நன்றாகக் குழைய வேக வேண்டும். பச்சை நிறம் போய்க் கருத்து வந்தால்தான் வெந்தது என்று அர்த்தம். பச்சையாக இருந்தால் வாயில் வைக்கவே கூடாது.

அச்சில் இருப்பது இவ்வளவுதான்: 'சேம்பிலையை வேகவைத்து, தேங்காய்ப்பால் சேர்த்து அரைக்கவும். உப்பு வேண்டாம்.'

பத்துப் பக்கத்தை ஒரு பக்கமாக வெட்டியிருக்கிறான். பேப்பர் மிச்சம்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைக்க நான் என்ன அவன் வீட்டு வேலைக்காரியா? மிஸ்டு கால் பார்த்தால் அவன் அழைக்கட்டும்.

நவம்பர் 28, வெள்ளி

அழைக்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

வாட்ஸாப்பில் ஒரு போஸ்டர் வந்தது. 'பேயும் பெலாவும். ஒரு திகில் நாவல், ஒரு கரீபிய விருந்து.' ரேஸ்கோர்ஸ் பக்கம் புத்தகமும் காப்பியும் விற்கிற ஒரு கஃபேயில் பதினான்காம் தேதி. அத்தியாயத்துக்கு ஒரு பதார்த்தம். முதல் அத்தியாயத்துக்கு ரத்தச் சர்பத். நான்காம் அத்தியாயத்துக்குப் பேய்ச் சூப். ஏழாம் அத்தியாயத்துக்குப் பெலாவ். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை.

ஷெஃப் நிகில் கையைக் கட்டிக்கொண்டு பாதிப் போஸ்டரை அடைத்து நிற்கிறார். கனகசபை ஒரு வட்டத்துக்குள் சிரிக்கிறான். மூல ஆசிரியை ஒரு வட்டத்துக்குள். மூலைக்கு மூலை வௌவால்.

கீழே ஒரு வரி: 'அக்கா கண்டிப்பா வரணும். சாப்பாடு நம்ம செலவு.'

சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறான். ரசத்தில் கறிவேப்பிலை கிடக்கிற மாதிரி நானும் ஒரு ஓரமாகக் கிடக்கலாம்.

டிசம்பர் 8, திங்கள்

இன்று கனகசபையே கூப்பிட்டான். ஒரு நிமிஷம் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன்.

"அக்கா, பச்சைத் தொவர எங்க கெடைக்கும்?"

"உழவர் சந்தைல. இப்பதான் சீசன்."

"அந்தச் செவப்புப் பூவு?"

"நாட்டு மருந்துக் கடைல காஞ்சது வெச்சிருப்பான்."

"சேம்பெல?"

"வாய்க்கா ஓரமெல்லாம் கெடக்குது. ஆனா சமைக்கறதுக்கு சந்தைல கெழங்கு விக்கற அம்மாகிட்டச் சொல்லி வெச்சு வாங்கு. எளசா வேணும்னு சொல்லு."

"சரிங்க்கா, தேங்க்ஸுங்க்கா, நிகில் லைன்ல இருக்காரு, வெச்சர்றேன்."

வைத்துவிட்டான். எங்கே கிடைக்கும் என்று கேட்டான், சொன்னேன். எப்படிச் சமைப்பது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

மாம்பழக் கலரில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். மேடைக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவான் என்று ஒரு நப்பாசை இருந்திருக்கலாம். கஃபே முழுக்கக் கறுப்புத் துணி கட்டி, சிவப்பு பல்பு போட்டிருந்தார்கள். முப்பது நாற்பது பேர். பாதி பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

விழா தொடங்க இன்னும் நேரம் இருந்தது. தண்ணீர் கேட்டுக்கொண்டு சமையலறைப் பக்கம் போனேன். கனகசபை அங்கே ஷெஃப்புடன் நின்றுகொண்டிருந்தான்.

"நிகில், இவங்கதான் அம்சவேணி அக்கா. புக்கை டைப் பண்றதுக்கெல்லாம் நெறைய ஹெல்ப் பண்ணுனாங்க."

டைப் பண்ணுவதற்கு.

அந்தப் பையன் நிகில் நல்ல மாதிரியாகத்தான் பேசினான். அடுப்பில் பெரிய சட்டி இருந்தது. மூடியைத் திறந்து காட்டினான். "கலரப் பாருங்க மேடம். கொஞ்சமாத்தான் கொதிக்க விட்டு ஐஸ் தண்ணில போட்டு எடுத்தேன். இல்லாட்டி இந்தப் பேய்ப்பச்சை வராது. நாவல்ல இருக்கற மாதிரியே, உப்பும் இல்ல, நான் ருசியும் பாக்கல. பேய்க்கு வெக்கறத ருசி பாக்கக் கூடாதில்லீங்களா? மைக்ல இதைச் சொல்லப்போறோம்."

சட்டியில் சூப் பச்சைப் பசேலென்று இருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நான் உட்கார்ந்த மேஜைக்கு ஒரு பெண் வந்தாள். இரட்டை ஜடை, கண்ணாடி, கையில் பக்கம் பக்கமாகக் கலர்ச்சீட்டு ஒட்டிய 'உப்பில்லாத வீடு'. பெயர் கோபிகா, ஒன்பதாம் வகுப்பு. அம்மா கொண்டுவந்து விட்டுவிட்டுத் துணிக்கடைக்குப் போயிருக்கிறாளாம். நான் கேட்காமலே பேச ஆரம்பித்தாள்.

"நீங்க படிச்சிட்டீங்களாங்க? நான் ரெண்டு தடவ படிச்சிட்டேன். அந்தப் பேய் பேசறது அப்படியே எங்க பெரீம்மா பேசற மாதிரியே இருக்குதுங்க. 'ஏனுங் அம்மிணி, பசிக்குதா'ன்னு கேக்கறப்ப சிரிப்பும் வந்துச்சு, பயமும் வந்துச்சு. இங்க்லீஷ்ல அது எப்படிங்க அப்படிப் பேசும்? தமிழ்ல யாரோ தனியா யோசிச்சு எழுதியிருக்கறாங்க. யாருன்னு தேடுனேன். பதிப்பகக் குழுன்னு போட்டிருக்குது. அவங்கள இன்னைக்குப் பாக்கலாம்னுதான் வந்தேன்."

"நான்தான் கண்ணு அது. நான் ஒருத்திதான்" என்றேன்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "நெசமாவாங்க? அப்ப ஏனுங்க உங்க பேரப் போடல?"

புத்தகம் வந்ததிலிருந்து என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் இந்தப் பெண்தான்.

அதற்குள் கனகசபை மைக்கைப் பிடித்துவிட்டான். நன்றி சொல்ல ஆரம்பித்தான். மூல ஆசிரியைக்கு நன்றி. கஃபே முதலாளிக்கு நன்றி. ஷெஃப்புக்கு நன்றி, கைதட்டல். பையன்கள் பச்சைச் சூப்பைக் கிண்ணம் கிண்ணமாக மேஜைகளில் வைத்துக்கொண்டு போனார்கள். அட்டைப்படம் வரைந்தவருக்கு நன்றி. நான் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தது என் பெயராகத்தான் இருக்க வேண்டும், வேறு யார் பாக்கி? அச்சகத்துக்கு நன்றி. மைக் செட் போட்டவருக்கு நன்றி. 'குட்டி வாசகர்களே, பேயோடு சேர்ந்து ஒரு வாய்!' என்று முடித்துவிட்டான்.

திரும்பிப் பார்த்தேன். கோபிகாவின் கிண்ணம் காலியாக இருந்தது.

நான் ஸ்பூனைத் தொடவில்லை. பசி இல்லை.

முதலில் பின்மேஜையில் ஒரு பையன் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். எல்லாரும் அது ஏதோ நாடகம் என்று சிரித்தார்கள். அப்புறம் இங்கே ஒருவர், அங்கே ஒருவர். நாக்கை நீட்டிக்கொண்டு, கையால் விசிறிக்கொண்டு. கோபிகா உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். "ஊசி குத்தற மாதிரி இருக்குதுங்க" என்றாள். என் கண்முன்னால் உதடு தடித்தது.

நான் சமையலறைக்கு ஓடினேன். புளியைக் கரைத்து, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, இருந்த தயிரையெல்லாம் எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொருவராகக் கொப்பளிக்க வைத்தேன். முக்கால்வாசிப் பேருக்கு அரிப்பு அடங்கியது. கோபிகாவுக்கு அடங்கவில்லை. அதிகம் சாப்பிட்டிருக்கிறாள். குரல் உள்ளேயே போய்விட்டது, மூச்சு கரகரத்தது. துணிப்பையோடு வந்த அம்மா அவளை அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நிகில் சுவரோரம் உட்கார்ந்து அழுதான். "புக்ல அப்படித்தான் இருந்துச்சு மேடம்" என்றான். உண்மைதான். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

வெட்டிய கனகசபையைக் கட்டிவைத்து அதே சூப்பை ஊற்ற வேண்டும்.

டிசம்பர் 15, திங்கள்

இன்றைக்கு என் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பதிப்பகம் எல்லா குரூப்பிலும் ஒரு விளக்கம் போட்டிருக்கிறது. 'நிகழ்ச்சியில் நேர்ந்த அசம்பாவிதத்துக்கு வருந்துகிறோம். சமையல் குறிப்பை மொழிபெயர்ப்பாளர் திருமதி அம்சவேணி தண்டபாணி அவர்களே எழுதித் தந்திருந்தார்.'

எவ்வளவு மரியாதை. திருமதி. அவர்களே. வீட்டுக்காரர் பெயரைக்கூட விடவில்லை.

மில்லில் டைம் ஆபீஸ்காரர் வந்து, "பேய்ச் சூப்பு நீங்கதானுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

டிசம்பர் 16, செவ்வாய்

ஒரு ராத்திரி டிரிப்ஸ் ஏற்றிவிட்டு கோபிகாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். நல்லது.

டிசம்பர் 17, புதன்

காலையில் சாப்பிடும்போது அவர் கேட்டார். "அன்னைக்கு நீ முன்னாடியே போயிட்டயில்ல அம்சா? அந்த எல பச்சையா இருந்தா அரிக்கும்னு உனக்குத் தெரியுமே."

ஈரத் துண்டை நாற்காலிமேல் போட்டிருந்தார். எத்தனை தரம் சொல்வது? கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன். நாற்காலிப் பிரம்பு இற்றுப்போகிறது, வீடு நாறுகிறது, யாருக்காவது அக்கறை இருக்கிறதா? நன்றாகச் சத்தம் போட்டேன். அவர் தட்டைக்கூடக் கழுவாமல் கடைக்குப் போய்விட்டார்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. அதுதான் விஷயம். கேட்காத இடத்தில் போய்ச் சொல்ல நான் டைப் பண்ணிக் கொடுத்தவள்தானே.

டிசம்பர் 19, வெள்ளி

கனகசபை வீட்டுக்கே வந்தான். ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் வாங்கிக்கொண்டு. நோயாளியைப் பார்க்கப் போக வேண்டியவன் வழி தவறி இங்கே வந்துவிட்டான்.

"பெத்தவங்க சத்தம் போடறாங்க்கா. ஆனா பாருங்க, புக்கு எல்லாம் தீந்துருச்சு. பேய்ப் புக்கப் படிச்சவங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்கன்னு பேரு பரவி, கடைக்காரங்க கேட்டு உசுர எடுக்கறாங்க. பொங்கலுக்கப்புறம் ரெண்டாம் பதிப்பு."

"சரி."

"நீங்க ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. செய்முறைல எங்கிட்டத்தான் தப்பு வந்துருச்சுன்னு. எல்லாரும் அடங்கிருவாங்க. அட்டைல உங்க பேரு. பெருசாவே போட்டுப்போடலாம்."

என்ன ஒரு நெஞ்சழுத்தம். பெயரைத் தின்பண்டம் மாதிரி நீட்டுகிறான், தப்பை வாயில் போட்டுக்கொண்டால் தருவானாம்.

நான் போனை எடுத்து, போன வருஷம் அவனுக்கு அனுப்பிய மெயிலைத் திறந்து, கலலூ பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன். புளித் தண்ணீர். குழைய. பச்சையாக இருந்தால் வாயில் வைக்கவே கூடாது. அவன் முகம் சுண்டிப்போனது.

"இத அப்படியே அத்தன குரூப்புலயும் போடறேன் கனகசபை. கீழ உன்ற விளக்கத்தையும் ஒட்டறேன்."

"அக்கா, அக்கா, குடும்பத்துக்குள்ள ஏனுங்க்கா."

"குடும்பமா? குழுன்னு நெனச்சேன்."

அவர் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனார். என் பேச்சு சில நேரம் அவருக்குப் பிடிக்கும். இன்று ஏனோ சிரிக்கவில்லை.

கடைசியில் ஒத்துக்கொண்டான். வெட்டியது தாங்கள்தான் என்று பதிப்பகம் பகிரங்கமாக எழுத வேண்டும். அட்டையில் என் பெயர், மூல ஆசிரியை பெயரின் அதே அளவு எழுத்தில். கலலூ செய்முறை ஒரு எழுத்துக் குறையாமல். போகும்போது பழங்களை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். வைத்துவிட்டுப் போனான். மருதாசலத்தின் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.

ஜெயித்துவிட்டேன்.

டிசம்பர் 22, திங்கள்

பதிப்பகத்தின் புது விளக்கம் வந்துவிட்டது, நான் முதலில் எழுதிய கலலூ பக்கத்தோடு. 'குழுவின் கவனக்குறைவு.' என்னைத் திட்டியவர்களே இன்று கை கூப்பி எமோஜி போடுகிறார்கள். கஃபேக்காரர்கள் நிகிலை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். அந்தப் பையன் இனி என்ன செய்வானோ. கனகசபைதான் இதற்கும் பொறுப்பு. முழுக்க முழுக்க அவன்தான். நான் மெயில் அனுப்பியவள், அனுப்பியதற்கு அத்தாட்சி இருக்கிறது.

ஜனவரி 4, ஞாயிறு

சந்தையில் கிழங்கு விற்கிற அம்மா சேம்பிலைக் கட்டு வைத்திருந்தார். "எளசா இருக்குதுங்க, எடுத்துக்கறீங்களா?" என்றார். வேண்டாம் என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவர் என்ன செய்தார் பாவம்.

ஜனவரி 21, புதன்

இரண்டாம் பதிப்பு வந்தது. மருதாசலம் பத்துப் பிரதி கொண்டுவந்து கொடுத்தான்.

'உப்பில்லாத வீடு. தமிழில்: அம்சவேணி.'

அட்டையில், நடுவில், நல்ல மஞ்சளில் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். அவரிடம் காட்டினேன். "போர்டு மாதிரி இருக்குது" என்றார். மில்லில் மேனேஜர் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். இவ்வளவு நாளாக நான் நினைத்துக்கொண்டிருந்த சந்தோஷம் இதுதான். இருக்கிறது. ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. ஒரு பிரதியை அந்தப் பெண் கோபிகாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் சரியாகும் என்று தோன்றுகிறது. என் பெயரைத் தேடியவள் அவள்தானே.

ஜனவரி 25, ஞாயிறு

கோபிகாவின் வீடு வடவள்ளியில். கஃபேயில் முகவரி வாங்கியிருந்தேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'பேயின் பேச்சைக் கண்டுபிடித்த கோபிகாவுக்கு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க புளித்தண்ணி குடுக்காம இருந்திருந்தா இன்னும் மோசமாயிருக்கும்னு டாக்டரே சொன்னாருங்க. உங்களப் போயி என்னென்னமோ எழுதுனாங்களே, படுபாவிங்க." காப்பி கொடுத்தாள். முறுக்கு வைத்தாள். நான் முறுக்கை விழுங்க முடியாமல் விழுங்கினேன்.

கோபிகா உள்ளேயிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். குரல் சரியாகிவிட்டது. ஆனால் அன்று பேசின மாதிரி பேசவில்லை. நான் புத்தகத்தை நீட்டினேன். வாங்கி அட்டையைப் பார்த்தாள். என் பெயரை வாய்க்குள் படித்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளு கண்ணு."

"அன்னைக்கு நான் வந்தப்ப நீங்க கிச்சன்ல இருந்து வந்தீங்க. சூப்பப் பாத்தீங்களா?"

அவள் அம்மா, "என்னடீ கேள்வி இது" என்று அதட்டினாள்.

"இல்லம்மா. பச்சையா இருந்தா வாயில வெக்கக் கூடாதுன்னு இவங்க மொதல்லயே எழுதியிருக்காங்களே. பதிப்பகத்துக்காரங்களே போட்டாங்களே. அதான் கேக்கறேன்."

பொய் சொல்லியிருக்கலாம். மூடி போட்டிருந்தது என்று ஒரு வார்த்தை போதும். இத்தனை நாளாக எனக்கே நான் எத்தனையோ சொல்லிக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை, கூப்பிடவில்லை, டைப் அடித்தவள் என்றான் என்று. அந்தப் பெண் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"பாத்தேன்" என்றேன்.

"தெரியுங்களா?"

"தெரியும்."

அவள் அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். வெளியே குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போயிற்று. நான் கனகசபை சொன்னதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது என்று சொல்ல நினைத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் என் கோபத்தைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதை விழுங்கினவள் அவள்.

கோபிகா புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் மரியாதையாக என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கிட்டப் பழசு இருக்குதுங்க. அதே போதும்" என்றாள்.

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, போயிட்டு வர்றேனுங்க என்று சொல்லிவிட்டு வந்து பஸ் ஏறினேன்.